தம் வாழ்வுக்குப் பிழைதிருத்தம் எழுதியவர்

நூலொன்றை அச்சிட்டு முடித்தபின், அதன் இறுதியிலே பிழைதிருத்தம் என ஒரு பக்கம் சேர்ப்பது அச்சுத் தொழிலின் பழைய வழக்கம். இன்ன பக்கம், இன்ன வரி, பிழை இது, திருத்தம் இது என அப்பக்கம் நிரல்படக் காட்டும். பிழை கண்டமைக்காக நூலைக் கிழித்தெறிவாருமில்லை. பிழையே இல்லையென்று சாதிப்பாருமில்லை. இவ்வழக்கத்தைத் தம் வாழ்க்கைக்கும் உரியதாக்கிக்கொண்டவர் பெஞ்சமின் பிராங்கிளின். அரசியலாளர், விஞ்ஞானி, எழுத்தாளர் எனப் பல நிலைகளிலே உலகம் அவரைப் போற்றினும், அவர் தம்மை என்றும் ஓர் அச்சுத் தொழிலாளராகவே கருதினார்.

1706ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவரின் பதினேழு மக்களுள் பதினைந்தாமவராக அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு இரண்டாண்டளவில் முடிந்தது. அங்கே கணக்குப் பாடத்தில் அவர் தேறவுமில்லை. பத்து வயதில் தந்தையின் தொழிலுக்கு உதவச் சென்றவர், பன்னிரண்டாவது வயதில் தமையன் யேம்சின் அச்சுக்கூடத்திலே தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார்.

பள்ளி கைவிட்ட மாணவன் தனக்குத் தானே ஆசிரியனான வகை நம் மாணவர் அறியத்தக்கது. இலண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுதியொன்று அவர் கைக்குக் கிட்டியது. அதிலுள்ள கட்டுரைகளின் கருத்துக்களைச் சிறு குறிப்புகளாக எழுதிவைப்பார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் அக்குறிப்புகளைக்கொண்டு தாமே கட்டுரையை ஆக்குவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைக் களைவார். உரைநடையைச் செய்யுளாக்கி, அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கியும் பயின்றார். புலாலுண்பதை விடுத்து, தம் உணவுச் செலவுக்காகத் தமையன் கொடுத்த பணத்திற் பாதியை மீதப்படுத்தி நூல்கள் வாங்கினார். தேறாத கணக்கையும் தாமே கற்றுத் தேர்ந்தார்.

ஆயினும் இளமை பிழையின்றிக் கழியவில்லை. தமையனோடு பிணங்கி, தொழில் பயிலும் ஒப்பந்தக்காலம் முடியுமுன்பே, 1723இல் பதினேழு வயதினராய் ஒளித்தோடினார். பிலடெல்பியாவிற் கரையிறங்கியபோது அவர் கையிலிருந்தது ஓர் ஒல்லாந்து டொலரும் சில செப்புக் காசுகளுமே. மூன்று பெரிய பாண்களை வாங்கி ஒன்றைத் தின்று, மற்றவற்றைத் தம்மோடு படகில் வந்த ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் கொடுத்தார். பின்னர், குடும்ப நண்பர் ஒருவருக்காகப் பெற்றுக்கொண்ட பணத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்துவிட்டார். மாகாண ஆளுநர் வாக்களித்த கடிதங்களை நம்பி 1724இல் இலண்டன் சென்றார். அக்கடிதங்கள் எழுதப்படவேயில்லை என்பதை ஆங்குதான் அறிந்தார். மணம் பேசியிருந்த டெபோரா என்னும் மங்கைக்கு, இலண்டனிலிருந்து ஒரேயொரு கடிதம் எழுதியதோடு அமைந்தார்.

1771இல், அறுபத்தைந்து வயதில், தம் வரலாற்றை எழுதத் தொடங்கிய பிராங்கிளின் இவற்றுள் எதனையும் மறைத்திலர். தமையனைப் பிரிந்தமை, பிறர் பணத்தைச் செலவழித்தமை, டெபோராவை மறந்தமை ஆகியவற்றை அச்சுத்தொழிலின் சொல்லாலேயே பிழைகள் எனக் குறித்தார். குறித்ததோடு நில்லாது, அவற்றைத் திருத்திய வகையும் காட்டினார். செலவழித்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். டெபோராவையே 1730இல் வாழ்க்கைத் துணையாக ஏற்றார். 1735இல் தமையன் இறந்தபின், அவர் மகனைப் படிக்கவைத்து, தொழில் பழக்கி, புதிய அச்செழுத்துக்களும் வழங்கினார். பிழைக்கு இரங்குதல் எளிது. அதற்கு ஈடுசெய்தலே அரிது.

முப்பது வயதை எட்டுமுன்பே அவர் வகுத்த நல்லொழுக்க அட்டவணை பலரும் அறிந்தது. மிதவுணவு, வீண்பேச்சொழிதல், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நிதானம், தூய்மை, மனவமைதி, கற்பொழுக்கம் எனப் பன்னிரண்டையே முதலில் எழுதினார். தற்பெருமை மிக்கவரெனப் பலரும் அவரை எண்ணுவதாக நண்பரொருவர் எடுத்துரைக்கவே, பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். சிறு ஏடொன்றில் ஏழு நாட்களுக்கு ஏழு நிரலும், பதின்மூன்று குணங்களுக்குப் பதின்மூன்று வரியும் கீறி, தவறிய இடந்தோறும் கரும்புள்ளி இட்டார். வாரத்துக்கு ஒரு குணமாக, ஆண்டுக்கு நான்கு சுற்றுப் பயின்றார். புள்ளிகள் குறைந்தனவேயன்றி முற்றாக மறையவில்லை. ஒழுங்கு இறுதிவரை வசப்படவில்லை. தற்பெருமையை வென்றால் அவ்வெற்றியைப்பற்றியே பெருமைகொள்ள நேருமென அவர் தம்மைத் தாமே எள்ளினார். ஆயினும், முயலாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையினும் தாம் மேம்பட்டதாக நிறைவெய்தினார்.

அவர் அட்டவணை காட்டாத பெரும்பிழையும் ஒன்றுண்டு. அவர் அடிமைகளை வைத்திருந்தார். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டது. முதுமையிலே கண்திறந்தார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமை முறைக்கெதிரான விண்ணப்பத்தை ஒப்பமிட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள், எண்பத்துநான்காம் வயதில் அவர் காலமானார்.

திருத்தப்படாது எஞ்சிய பிழையும் ஒன்றுண்டு. தன்வரலாற்றின் முதற்பகுதியை அவர் தம் மகன் வில்லியத்துக்கு எழுதும் கடிதமாகவே தொடங்கியிருந்தார். அமெரிக்கர் விடுதலை கோரிப் போரிட்டபோது, நியூ ஜேர்சி ஆளுநராயிருந்த மகன் ஆங்கில மன்னர் பக்கம் நின்றான். போர் முடிந்தபின் அவன் உறவை நாடி எழுதினான்; 1785இல் இருவரும் இங்கிலாந்திலே சந்தித்தனர்; ஆயினும் தந்தையின் மனம் நெகிழவில்லை. இறுதி விருப்பாவணத்திலும் மகனுக்கு ஏறத்தாழ ஒன்றுமே வைக்கவில்லை.

தன்வரலாறு 1757ஆம் ஆண்டளவில் நின்றுவிடுகின்றமையால், இப்பிணக்கு அதில் இடம்பெறவில்லை. தமையன் மகனுக்கு அச்செழுத்து வழங்கிய கை, பெற்ற மகனுக்கு நீளவில்லை. தன்னைத் திருத்த முயல்வோர் பிராங்கிளினிடம் கற்க வேண்டியவை இரண்டு: பிழையைக் கண்டவுடன் குறித்துவைத்தல் ஒன்று, திருத்துதற்குரிய காலம் கைநழுவுமுன் திருத்திவிடுதல் மற்றொன்று. முன்னதை அவர் வாழ்ந்து காட்டினார். பின்னதன் அருமையை அவர் வாழ்வின் இறுதிப் பக்கம் காட்டுகின்றது.