பதக்கத்துக்குப் பின் வரும் கணக்கு

கல்லூரியில் பொது நிதியியல் பாடம் நடத்திய ஆண்டுகளில், போர்ச் செலவு என்னும் தலைப்பு வரும்போதெல்லாம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஒரு போரின் செலவு எந்த நாளில் முடிகிறது என்பதே அக்கேள்வி. போர் நிறுத்தம் அறிவிக்கப்படும் நாளில் என்பர் சிலர். போருக்காக வாங்கிய கடன் அடைபடும் நாளில் என்பர் வேறு சிலர். இரண்டுமே சரியான விடையல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அப்போரில் பணியாற்றிய ஒருவரின் மகளுக்கு அந்நாட்டு அரசு 2020-ஆம் ஆண்டு வரை மாதந்தோறும் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வழங்கி வந்தது.

இதுவாவது அரசின் ஏட்டில் பதிவான செலவு. எந்த ஏட்டிலும் பதிவாகாத செலவு ஒன்று உண்டு. அதை விளக்குவதற்கு நான் எடுத்துக்கொள்வது ஆடி மர்ஃபியின் வாழ்க்கையை. பள்ளி நாள்களில், குதிரையேறித் துப்பாக்கியுடன் வரும் ஆங்கிலப் பட நாயகனாகத்தான் அவரை அறிந்திருந்தேன். அவர் உண்மையிலேயே போர்க்களம் கண்டவர் என்பதும், இரண்டாம் உலகப் போரில் மிக அதிகமான விருதுகள் பெற்ற அமெரிக்க வீரர்களுள் ஒருவர் என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹண்ட் வட்டாரத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடும்பம் அவருடையது. பெற்றோருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். சிறுவன் மர்ஃபி பள்ளியை விட்டு நின்று பருத்தி பறிக்கும் கூலி வேலைக்குப் போனார். வேட்டையாடிக் கொண்டுவரும் முயலும் அணிலும் வீட்டாருக்கு உணவாயின. துப்பாக்கியில் அவருக்குக் குறி தவறாமை வாய்த்தது இப்படித்தான். 1941-இல் தாய் இறந்தார். கடைசிப் பிள்ளைகள் மூவர் அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டனர்.

படையில் சேர வயது போதவில்லை. மூத்த சகோதரியின் உதவியுடன் பிறந்த ஆண்டை 1925-இலிருந்து 1924-ஆக மாற்றிக் காட்டினார். மெலிந்த, குள்ளமான அந்த இளைஞரைக் கடற்படை ஏற்கவில்லை. 1942-இல் தரைப்படை சேர்த்துக்கொண்டது. நாட்டுப்பற்று அவரிடம் இருந்திருக்கலாம். ஆனால், கூலிப் பருத்தி பறிப்பவனுக்கு மூன்று வேளை உணவும் மாதச் சம்பளமும் உறுதியாகக் கிடைக்கும் இடம் அன்று படையாகவே இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. எந்த நாட்டிலும் முன்னணிக் காலாட்படை வரிசையில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே மிகுதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிசிலி, இத்தாலியின் அன்சியோ, தெற்கு பிரான்ஸ் என அவர் களங்கள் நீண்டன. பிரான்ஸ் கடற்கரையில் இறங்கிய 1944 ஆகஸ்டில், சரணடைவதுபோல் காட்டிச் சுட்ட எதிரிகளால் அவருடைய நெருங்கிய நண்பர் அவர் கண்ணெதிரே கொல்லப்பட்டார். 1945 ஜனவரி 26 அன்று, கோல்மார் நகருக்கு அருகே ஹோல்ட்ஸ்விர் என்னும் சிற்றூரில், ஆள்பலம் குன்றியிருந்த அவருடைய படைப்பிரிவை ஆறு டாங்கிகளும் அலையலையாகக் காலாட்படையும் தாக்கின. தம் வீரர்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் செய்துவிட்டு, மர்ஃபி மட்டும் தொலைபேசியில் பீரங்கிப் படைக்கு இலக்கு சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னர், எந்நேரமும் வெடிக்கக்கூடிய நிலையில் எரிந்துகொண்டிருந்த ஒரு போர் வண்டியின் மீதேறி, அதன் இயந்திரத் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எதிரிகளைத் தடுத்து நிறுத்தினார். காலில் காயம்பட்டும் சிகிச்சைக்குச் செல்லாமல், தம் வீரர்களைத் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தினார். அப்போது அவருக்கு வயது 19. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

நாடு அவரைக் கொண்டாடியது. லைஃப் இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. அதைக் கண்ட நடிகர் ஜேம்ஸ் காக்னி அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். ஊரில் சகோதரிக்கு ஒரு வீடு வாங்கித் தந்து, அனாதை இல்லத்திலிருந்த தம்பி தங்கையரை அங்கு குடியேற்றினார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1955-இல் வெளியான அவருடைய போர் வரலாற்றுப் படத்தில் தம் பாத்திரத்தில் தாமே நடித்தார். வசூலில் யுனிவர்சல் நிறுவனத்தின் சாதனையாக அப்படம் இருபது ஆண்டுகள் நிலைத்தது. தாம் மறக்க விரும்பிய நாள்களை ஒளிப்பதிவுக் கருவியின் முன் மீண்டும் வாழ்ந்து காட்டுவதே அவருக்குப் பிழைப்பாயிற்று.

இரவில் அவருக்கு உறக்கமில்லை. கண்ணயர்ந்தால் கொடுங்கனவு. குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தார். முதல் திருமணம் ஈராண்டுகளில் முறிந்தது. உறக்க மாத்திரைக்கு அடிமையானதை உணர்ந்தபோது, விடுதி அறை ஒன்றில் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டு அப்பழக்கத்தை விட்டொழித்தார். ஹோல்ட்ஸ்விரில் காட்டிய துணிவுக்கு இது குறைந்ததன்று என்பது என் கருத்து. இதற்குப் பதக்கம் எதுவும் இல்லை.

சூதாட்டமும் கைகொடுக்காத முதலீடுகளும் ஈட்டிய பொருளைக் கரைத்தன. 1968-இல் அவர் திவாலானார். அந்நிலையிலும், இளைஞர்களுக்குத் தவறான வழிகாட்டியாகிவிடக் கூடாது என்று மது, சிகரெட் விளம்பரங்களில் தோன்ற மறுத்தார். இன்னொன்றும் செய்தார். கொரியா, வியட்நாம் போர்களிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்தை அரசு ஆராய வேண்டும், அவர்களுக்கு உதவ வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். தம் துன்பத்தையும் மறைக்கவில்லை. மனநோயைச் சொல்வது கோழைத்தனமாகக் கருதப்பட்ட காலம் அது. நாட்டிலேயே அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது; அந்தத் தகுதியை அவர் பிறருக்காகப் பயன்படுத்தினார்.

1971 மே 28 அன்று, தொழில் நிமித்தமாக அவர் சென்ற சிறு விமானம் மோசமான வானிலையில் வர்ஜீனியாவின் பிரஷ் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. மர்ஃபிக்கு வயது 45. அவரை வாட்டிய நோய்க்கு மருத்துவ உலகம் முறையான பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டது 1980-இல்தான்.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருடைய நடுகல் எளிமையானது. அவர் பெற்ற பதக்கத்துக்குரியவர்களின் கல்லில் பொன்னெழுத்துப் பொறிப்பது மரபு. தமக்கு அது வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். பிறந்த ஆண்டாக அக்கல்லில் இருப்பது, படையில் சேர அவர் காட்டிய அதே 1924.

கதை இத்துடன் முடிந்திருந்தால், எத்தனையோ வீரர் கதைகளுள் ஒன்றாக இருந்திருக்கும். அவருடைய மனைவி பமீலா, லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். கணவர் விட்டுச்சென்ற கடனை அந்தச் சம்பளத்திலிருந்து அடைத்தார். கடன் அடைந்த பிறகும் விலகவில்லை. மருத்துவரைக் காணக் காத்திருந்து சோர்ந்த வீரர்களுக்காகப் பரிந்து பேசி, ஏறத்தாழ 35 ஆண்டுகள், தம் எண்பதுகளின் நடுப்பகுதி கடந்தும் அங்கே உழைத்தார். 2010-இல் மறைந்தார்.

வீரத்தைப் பாராட்டுவது எளிது. அதற்கு ஒரு பதக்கமும் ஒரு விழாவும் போதும். அதன் பிறகு வரும் உறக்கமற்ற இரவுகளின் செலவை வீரனும் அவன் வீட்டாருமே சுமக்கிறார்கள். ஒரு நாட்டின் பாதுகாப்பு நிதிநிலை அறிக்கையைப் படிக்கும்போது, ஆயுதங்களுக்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு, களத்திலிருந்து திரும்பியவர்களின் மனநலத்துக்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இன்றும் அதையே சொல்கிறேன்.