கான்சாகிபு என்னும் மருதநாயகம்

புலித்தேவரின் வீரத்தைப் பாடத்தில் படிக்கும்போது நெஞ்சு நிமிர்கின்ற நாம், அவருடைய கோட்டைகளைப் பிடித்த தளபதியின் பெயர் வந்ததும் முகம் சுளிக்கிறோம். அந்தத் தளபதிதான் யூசுப்கான் என்னும் கான்சாகிபு. அவரும் நம் தமிழ் மண்ணில் பிறந்தவரே என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் பலருக்கு நம்பவே முடியவில்லை.

இராமநாதபுரச் சீமையில் பனையூர் என்னும் சிற்றூரில் 1725-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். இயற்பெயர் மருதநாயகம். இளமையில் வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, ஆங்கிலக் கம்பெனியின் காலாட்படையில் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, பகைவர் கண்ணில் மண்ணைத் தூவி உணவு வண்டிகளை ஊருக்குள் கொண்டு சேர்த்தார். அத்திறமையைக் கண்ட கம்பெனியார் 1754-இல் அவரைச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி ஆக்கினர்.

பின்பு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவர் கைக்கு வந்தன. பாளையக்காரர்கள் அவருக்கு அஞ்சினர். 1761-இல் புலித்தேவரின் கோட்டைகள் வீழ்ந்தன. அதை நாங்கள் இன்றும் மன்னிக்கவில்லை! ஆனால் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோன நிலங்களை மீட்டுத் தந்தவரும் அவரே. 1760-இல் கொழும்பிலிருந்து வந்த டச்சுப்படை நம் தூத்துக்குடியில் இறங்கி, ஆழ்வார்திருநகரி வரை முன்னேறியது. கான்சாகிபு வருகிறார் என்று கேட்டதும் அது கடற்கரைக்கே திரும்பிவிட்டது. நம் வைப்பாற்றங்கரைப் பெரியவர்களும் அந்நாளில் இச்செய்தியைப் பேசியிருப்பார்கள் அல்லவா?

ஆற்காட்டு நவாபு முகம்மது அலிக்கு அவருடைய உயர்வு பொறுக்கவில்லை. தமக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றார் நவாபு; கான்சாகிபு மறுத்தார். இத்தனை ஆண்டுகள் யாருக்காக இரத்தம் சிந்தினாரோ அந்தக் கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763-இல் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. எதிரே நின்ற சிப்பாய்களுள் பலர் அவரிடமே போர் பயின்றவர்கள். அவர் உள்ளே துப்பாக்கி மருந்தும் பீரங்கியும் செய்வித்து எதிர்த்து நின்றார். மழை வந்தது, முற்றுகை கலைந்தது. மறு ஆண்டு மீண்டும் தொடங்கியது. 1764 ஜூன் மாதத்தில் நடந்த பெருந்தாக்குதலையும் முறியடித்தார். பசியை மட்டும் அவரால் முறியடிக்க முடியவில்லை. திருச்சிக்குச் சோறு கொண்டுபோனவரின் கோட்டைக்கு ஒரு வண்டி தானியம் கொண்டுவர யாரும் இல்லை.

இறுதியில் உடனிருந்தவர்களே காட்டிக் கொடுத்தனர். சீனிவாசராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் அவர்களுள் முக்கியமானவர்கள். தொழுகையில் இருந்தபோது அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. மாசா என்ற கிறிஸ்தவப் பெண்மணி அவருடைய மனைவி. மகன் அப்போது பச்சைக் குழந்தை. 1764 அக்டோபர் 15-ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டனர்.

அவர் வீரரா, துரோகியா என்று வகுப்பில் நாங்கள் ஒரு மணி நேரம் வாதாடினோம். கோவில்பட்டிப் பக்கத்துத் தோழியர் புலித்தேவரை விட்டுக் கொடுக்கவே இல்லை. மணி அடித்துவிட்டது. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது; சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அடுத்த முறை மதுரைக்குச் செல்லும்போது அங்கே போய்ப் பார்ப்பது என்பதில் மட்டும் இரு கட்சியாரும் ஒன்றுபட்டிருக்கிறோம்.