தஞ்சை நம்பிய பாதிரியார்

ஆண்டு 1781. ஐதர் அலியின் குதிரைப் படை சோழ வளநாட்டு வயல்களை மிதித்துத் துவைத்துக் கொண்டிருந்த காலம். தஞ்சைக் கோட்டைக்குள்ளே பட்டினி. தெருவிலே பிணம். வெளியே ஊர்ப்புறத்தில் நெல் இல்லையா? இருந்தது! உழவனின் குதிரிலே இருந்தது. கொடுக்க மறுத்தான் உழவன். ஏன் கொடுப்பான்? அரண்மனை ஆட்கள் முன்பும் வந்தார்கள், அள்ளினார்கள், காசு கொடுக்காமல் போனார்கள். கும்பினிக்காரர்களும் அதே வழிதான். மன்னன் வாக்கு செல்லாக்காசு, வெள்ளையன் வாக்கும் செல்லாக்காசு என்றாகிவிட்ட நாட்டிலே, ஒரே ஒரு மனிதரின் வாக்கு மட்டும் செல்லுபடியாயிற்று. பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று அவர் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி காசும் கொடுக்கப்பட்டது.

அவர் அமைச்சரல்லர், படைத்தலைவரல்லர். பாதிரி! கிறித்துவத்தைப் பரப்பவென்றே கடல் கடந்து வந்தவர். பிரடெரிக் சுவார்ட்சு என்பது பெயர். கிறித்துவர்கள் சுவார்ட்சு ஐயர் என்பார்கள். பிரசிய நாட்டுச் சோன்னன்பர்க்கிலே 1726இல் பிறந்தார். ஆலே நகரில் படிக்கும்போதே, தமிழ் வேதாகம அச்சு வேலைக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்த நாலே திங்களில் மேடையேறித் தமிழிலே பேசினார். தமிழ் மண்ணிலே பிறந்து, தமிழிலே நாலு வார்த்தை பேச நாக்கு கூசும் கனவான்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்!

1762இல் திருச்சிக்குச் சென்றார், 1778இல் தஞ்சைக்குக் குடிவந்தார். அரண்மனையாரோடு பேச மராட்டி கற்றார். பாரசீகமும் இந்துத்தானியும் கற்றார். மணம் செய்து கொள்ளவில்லை.

1779இல் கும்பினியார் அவரைச் சீரங்கப்பட்டினத்துக்கு ஐதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். ஒரு பக்கம் மாகியைப் பிடித்து ஐதரின் சினத்தைக் கிளறிவிட்டு, மறுபக்கம் சமாதானம் பேச ஒரு சாதுவை அனுப்பிய தந்திரம் அது. பாதிரியின் நல்ல பெயரைப் போர்வையாகப் போர்த்திக் கொள்ளப் பார்த்தார்கள் என்றே நாம் சொல்வோம். ஐதர் ஏமாறவில்லை. கும்பினியை நம்ப மறுத்தார், வந்தவரை மட்டும் நம்பினார். வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்சு அதைக் கும்பினியாரிடமே ஒப்படைக்கப் போனார். அவர்கள் வாங்கிக் கொள்ளவில்லை. தஞ்சையிலே ஒரு பள்ளிக்கு அதை முதலாக்கினார். மறு ஆண்டு போர் மூண்டது. அப்போதும் அந்தப் பாதிரி எங்கும் தடையின்றிப் போகட்டும் என்று தம் படைத்தலைவர்களுக்கு ஐதர் கட்டளையிட்டிருந்தார்.

இத்தனை நட்பும் தம் கொள்கையை மூடி மறைத்துப் பெற்றதா? இல்லை. தாம் வந்தது எதற்கு என்பதை எந்த அவையிலும் அவர் ஒளித்ததில்லை. குடிகளைக் கசக்கிப் பிழிகிறாய் என்று தஞ்சை மன்னனின் முகத்துக்கு நேரே சொன்னார். கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய உழவர்கள், இனி வன்முறை இராது என்று அவர் உறுதி சொன்ன பிறகே திரும்பினார்கள். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள்.

தம் இனத்தாரிடமும் அதே கண்டிப்புத்தான். கிளாரிந்தா என்று பின்னாளில் பெயர் பெற்ற மராட்டியப் பார்ப்பனக் கைம்பெண், ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தபோது திருமுழுக்குக் கேட்டார். மறுத்தார் சுவார்ட்சு. அதிகாரி இறந்த பின்னர், 1778இல் பாளையங்கோட்டையிலே அதை வழங்கினார். பெண்ணிடம் காட்டிய கண்டிப்பு கடுமை என்று சிலர் சொல்லக்கூடும். ஆள் சேர்ந்தால் போதும் என்று கணக்கெடுப்பவராக அவர் இல்லை என்பது மட்டும் தெளிவு.

ஆனால் ஓரிடத்திலே வளைந்தார். அதை மறைத்துப் பாராட்ட நமக்கு மனமில்லை. அவருடைய சபையிலே வேளாளர் ஒருபுறம், தாழ்த்தப்பட்டோர் மறுபுறம் உட்கார்ந்தனர். நாளடைவில் தானே தேயும் என்று பொறுத்தார். தேயவில்லை! 1833இல் டேனியல் வில்சன் என்ற தலைமைக் குரு, கோயிலுக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது எதிர்த்து நின்றவர்களுள், சுவார்ட்சிடமே படித்து வளர்ந்த புலவர் வேதநாயக சாத்திரியாரும் ஒருவர். மன்னனிடம் அஞ்சாதவர், மணவாழ்வு பற்றிய விதியிலே தளராதவர், சாதி என்ற சனியனிடம் மட்டும் தவணை கொடுத்தார். தவணை முடிந்தும் கடன் தீரவில்லை.

1787இல் துளசா மன்னர் மரணப் படுக்கையிலே கிடந்தார். தாம் மகனாக ஏற்றிருந்த பத்து வயதுச் சரபோசியைப் பாதிரியின் கையிலே ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைக் காவல் தம்மால் ஆகாது என்று மறுத்த சுவார்ட்சு, மன்னரின் தம்பி அமர்சிங்கைச் சுட்டினார். அந்த அமர்சிங்கே அரியணையை எடுத்துக் கொண்டு, பிள்ளையைப் படிப்பின்றி அடைத்து வைத்தபோது, சுவார்ட்சு சும்மா இருக்கவில்லை. கும்பினியாருக்கு எழுதினார், வாதாடினார். 1793இல் சிறுவன் சென்னைக்கு அனுப்பப்பட்டான். அங்கே கெரிக்கே பாதிரியாரிடம் கல்வி கிடைத்தது. சரபோசி அரியணை ஏறியதும் 1798இல்தான். அதைக் காண சுவார்ட்சு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாளே கண்மூடிவிட்டார். அடக்கத்தின்போது முகத்தைப் பார்த்து அழுதான் அந்த இளைஞன்.

சரபோசி கிறித்துவராகவில்லை. முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்தார். 1803இல் தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரிலே வெட்டச் செய்தார். அதே கையால் பாதிரியின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் பாட்டெழுதினார். இலண்டனிலே பிளாக்சுமன் என்னும் சிற்பியிடம் சொல்லிப் பளிங்கிலே நினைவுச் சின்னம் செய்வித்தார். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலே, சிவகங்கைக் கோட்டைக்குள், சுவார்ட்சு 1779இல் எழுப்பிய தேவாலயத்திலே அது இருக்கிறது. படுக்கையிலே சாகும் கிழவர். அவருடைய கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு மன்னன்.