மேஜர் டெய்லர்

மார்ஷல் வால்ட்டர் "மேஜர்" டெய்லர் (நவம்பர் 26, 1878 - ஜூன் 21, 1932) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். இவர் 1899 ஆம் ஆண்டில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். மிதிவண்டிப் பந்தயத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே.

இளமை

இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஒரு செல்வந்தர் வீட்டில் குதிரை வண்டியோட்டியாகப் பணிபுரிந்தார். சிறுவயதில் மிதிவண்டிக் கடையொன்றின் முன் படைவீரர் உடையணிந்து வித்தைகள் செய்து காட்டியதால் "மேஜர்" என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. 1894 இல் அமெரிக்க மிதிவண்டியோட்டிகள் சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கத் தடை விதித்தது. 1895 இல் டெய்லர் தம் ஆதரவாளர் லூயிஸ் மங்கருடன் மாசசூசெட்சு மாநிலத்தின் வூஸ்ட்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

உள்ளரங்கப் பந்தயம்

1896 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் தொழில்முறை வீரராக அறிமுகமானார். அங்கிருந்த ஓடுதளம் மைலுக்குப் பத்துச் சுற்றுகள் கொண்ட சிறிய தளமாகும். வளைவில் விரைந்து திரும்பும் மிதிவண்டி வெளிப்புறமாகச் சறுக்க முனையும். இதைத் தவிர்க்க ஓடுதளத்தின் வெளிவிளிம்பை உயர்த்திச் சரிவாக அமைப்பர். தளம் சிறிதாகும்போது வளைவு இறுகுவதால் சரிவும் கூடுதலாக வேண்டும். இன்றைய 250 மீட்டர் தளங்களின் வளைவுகளில் இச்சரிவு ஏறத்தாழ 42 பாகை ஆகும். 2010 பொதுநலவாய விளையாட்டுகளுக்காகப் புது தில்லியில் கட்டப்பட்ட உள்ளரங்கத் தளமும் இத்தகையதே.

டெய்லர் அங்கு அரை மைல் பந்தயத்தில் புகழ்பெற்ற எடி பால்டை வென்றார். அதனை அடுத்து நடந்த ஆறு நாள் பந்தயத்தில் 1,732 மைல் ஓட்டி எட்டாம் இடம் பெற்றார். வீரர்களை உறக்கமின்றி வருத்திய இவ்வகைப் பந்தயத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதை 1898 இல் நியூயார்க் மாநிலச் சட்டம் தடை செய்தது. அதன் பின் தோன்றிய இருவர் அணிப் பந்தயமே அவ்வரங்கின் பெயரால் "மாடிசன்" எனப்படுகிறது.

வெற்றிகளும் இனவெறியும்

1899 ஆகத்து 10 அன்று மொண்ட்ரியாலில் ஒரு மைல் விரைவோட்டத்தில் உலகச் சாம்பியனானார். 1900 இல் அமெரிக்க விரைவோட்டச் சாம்பியன் பட்டமும் பெற்றார். ஆயினும் வெள்ளையின வீரர்கள் பலர் ஒன்றுசேர்ந்து இவருக்கு வழிவிடாமல் அடைத்தனர். சிலர் தாக்கவும் செய்தனர். தென் மாநிலங்களின் பல பந்தயங்களில் இவர் அனுமதிக்கப்படவில்லை. 1901 இல் ஐரோப்பா சென்று, பாரிசில் பிரான்சின் எட்மண்ட் ஜாக்கலினிடம் முதற் போட்டியில் தோற்று, மறுபோட்டியில் வென்றார். சமயப் பற்றின் காரணமாக நெடுங்காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயங்களில் பங்கேற்க மறுத்தார்.

இறுதிக் காலம்

1910 இல் ஓய்வு பெற்றார். தொழில் முயற்சிகள் தோல்வியுற்றதால் செல்வத்தை இழந்தார். தாமே வெளியிட்ட தன்வரலாற்று நூலை வீடு வீடாகச் சென்று விற்றார். சிக்காகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் இறந்து, அடையாளமற்ற கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1948 இல் முன்னாள் வீரர்கள், மிதிவண்டி உற்பத்தியாளர் பிராங்க் சுவின் அளித்த பொருளுதவியுடன், அவரது உடலை மாற்றி அடக்கம் செய்து நினைவுக்கல் நாட்டினர். 1982 இல் இண்டியானாபொலிசில் திறக்கப்பட்ட மிதிவண்டி ஓடுதளத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.