ஈப்போவில் வாழ்ந்த மருத்துவர் வூ லியன் தே

மருத்துவராக விரும்பும் மாணவச் செல்வங்கள் அறிய வேண்டிய பெருமகனார் ஒருவர் நம் ஈப்போவில் வாழ்ந்தார். அவரே டாக்டர் வூ லியன் தே.

அவர் 1879ஆம் ஆண்டு பினாங்கில், சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் கருத்தூன்றிக் கற்றார். அரசியார் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளம் பெற்று, 1896இல் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் பயின்றார்.

1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் கொடிய பிளேக் நோய் பரவியது. சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அந்நோய் நோயாளியின் மூச்சினாலும் இருமலாலும் தொற்றுவதை அவர் கண்டறிந்தார். துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை அணியச் செய்தார். அதனை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களில் நோய்க்கு இரையானார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய் 1911இல் அடங்கியது. 2020இல் நாமும் முகக்கவசம் அணிந்தோமல்லவா?

உலகப் புகழ் பெற்ற அவர் 1937இல் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் பொது மருத்துவராகக் கிளினிக் நடத்தினார். ஏழைகள் பலருக்குப் பணம் பெறாமலே மருத்துவம் பார்த்தார். முதுமையிலும் அத்தொண்டைக் கைவிடவில்லை. 1960 ஜனவரியில் பினாங்கில் காலமானார்.

மாணவர்களே! கொள்ளைநோயை அடக்கிய கைகளே ஈப்போ மக்களின் நாடியையும் பிடித்துப் பார்த்தன. மருத்துவம் கற்பது பட்டத்திற்காக மட்டுமன்று; வாசலில் வந்து நிற்கும் எளியவருக்காகவும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் ஊன்றிக் கற்றால் அவ்வழியில் நடக்கலாம்.