பல் அழுக்கில் ஓர் உலகம்: துணி வியாபாரி லூவன்ஹாக் உயிரியலை மாற்றியது எப்படி?

பயாலஜி புத்தகத்தில் செல் பாடம் வந்தாலே ரெண்டு பெயர் கட்டாயம் வரும். ஒருத்தர் ராபர்ட் ஹூக், இன்னொருத்தர் ஆண்டனி வான் லூவன்ஹாக். ஒரு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டு நாம் மறந்துபோன அந்த இரண்டாவது பெயர், காலேஜ் வாசலையே மிதிக்காத ஒரு துணி வியாபாரியுடையது. பாக்டீரியாவை முதன்முதலில் பார்த்து எழுதிவைத்தவர் அவர்தான். ஆனா, அவர் சொன்னதை முதலில் யாரும் சுலபமாக நம்பவில்லை.

யார் இந்த லூவன்ஹாக்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-ல் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த லூவன்ஹாக், 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் போய் ஒரு துணிக்கடையில் தொழில் பழகினார். 1654-ல் ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, சொந்தமாகக் கடை போட்டார். பிறந்த ஐந்து குழந்தைகளில் பெரியவளாக வளர்ந்தது மரியா என்ற மகள் மட்டும்தான். 1660-ல் நகர நிர்வாகத்தில் ஒரு வேலை கிடைத்தது. நிரந்தர வருமானம், கையில் கொஞ்சம் ஓய்வு நேரம். அந்த நேரத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

துணியின் இழைகளைச் சோதிக்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். லூவன்ஹாக் அதோடு நிற்காமல், தானே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார். அவருடைய மைக்ராஸ்கோப் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உலோகத் தகடுகளுக்கு நடுவில் ஒரு குட்டி லென்ஸ், பொருளைக் குத்திவைக்க ஓர் ஊசி, நகர்த்த ஸ்க்ரூ. அவ்வளவுதான். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஹூக் பார்த்ததற்கும் இவர் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்?

ஹூக் 1665-ல் வெளியிட்ட புத்தகத்தில், தக்கையில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தார். ஆனா, அவை செத்துப்போன தாவர செல்களின் வெறும் சுவர்கள். உள்ளே உயிர் இல்லை. லூவன்ஹாக்கின் லென்ஸில் தெரிந்தவையோ நீந்தின, சுழன்றன, ஓடின.

1674-ல் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஏரித் தண்ணீரில் ஒரு செல் உயிரிகளைப் பார்த்தார். அடுத்து மிளகு. அது ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரில் ஊறவைத்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், அந்தத் தண்ணீரில் அதுவரை பார்த்தவற்றைவிடப் பொடிப்பொடியான உயிர்கள்! அவைதான் பாக்டீரியா. 1676 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதைச் சொன்னார்.

நம்பாதவர்களை எப்படி நம்ப வைத்தார்?

ஒரு துளித் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கில் உயிர்களா? லண்டனில் சந்தேகம் கிளம்பியது. நெஹெமயா க்ரூ என்ற அறிஞர் முயன்றும் பார்க்க முடியவில்லை. லூவன்ஹாக் கோபப்படவில்லை. பாதிரியார்கள் உட்பட ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தன் லென்ஸ் வழியாகப் பார்க்கவைத்து, அவர்களின் சாட்சியத்தை எழுதி வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் அதே ராபர்ட் ஹூக், மிளகுத் தண்ணீரை வைத்துப் பார்த்து, இது உண்மைதான் என்று சொசைட்டி உறுப்பினர்களுக்குக் காட்டினார். 1680-ல் லூவன்ஹாக்குக்கு அங்கே உறுப்பினர் பதவி கிடைத்தது. ஆனா, ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் போனதில்லை. லத்தீன் தெரியாததால், கடிதங்களை எல்லாம் டச்சு மொழியில்தான் எழுதினார்.

உயிர் உள்ளது எது?

பாடப்புத்தகத்தின் முதல் கேள்வியே இதுதானே? லூவன்ஹாக்குக்கு அசைவுதான் முதல் அடையாளம். 1683-ல் தன் பல் இடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைக் கண்டார். வினிகர் பட்டால் அவற்றின் ஆட்டம் அடங்கியது.

ஆனா, அசையாமல் கிடப்பதெல்லாம் செத்ததா? 1702-ல் அவர் எழுதிய கடிதம் இதைக் கொஞ்சம் குழப்பியது. கூரைத் தண்ணீர் ஓடும் கால்வாயில் காய்ந்துகிடந்த தூசியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். தூசிக்குள் சுருண்டு கிடந்த ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரிகள் மறுபடி நீந்த ஆரம்பித்தன.

அழுகலிலிருந்தும் அழுக்கிலிருந்தும் பூச்சிகள் தானாகவே தோன்றும் என்று அன்று பலரும் நம்பினார்கள். தெள்ளுப்பூச்சியையும் தானிய வண்டையும் கவனித்த லூவன்ஹாக், அவையும் இனப்பெருக்கம் செய்துதான் பிறக்கின்றன என்று காட்டினார். உயிரிலிருந்துதான் உயிர் வரும். நுண்ணுயிரிகளுக்கும் இது பொருந்தும் என்பதை லூயி பாஸ்டர் 1860-களில்தான் உறுதிசெய்தார்.

கடைசிவரை சொல்லாத ரகசியம்

500-க்கும் மேல் லென்ஸ் செய்தவர், தன் சிறந்த லென்ஸ்களை எப்படிச் செய்தார் என்று யாருக்கும் சொல்லித்தரவில்லை. ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் 1698-ல் அவரைச் சந்தித்தார். வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டினாரே தவிர, சிறந்த கருவிகளைத் தனக்கென்றே வைத்துக்கொண்டார். 1723-ல் தன் 90-வது வயதில் இறந்தபோது அந்தத் தொழில் நுணுக்கமும் அவரோடு போனது. அவர் பார்த்த அளவுக்குப் பார்க்க அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் யாராலும் முடியவில்லை. அந்த உயிர்கள் நோயும் உண்டாக்கும் என்று நிரூபிக்க 19-ம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2021-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்த 270 மடங்கு மைக்ராஸ்கோப்பை உடைக்காமல், நியூட்ரான் கதிர் செலுத்தி உள்ளே இருந்த லென்ஸைப் பார்த்தார்கள். கண்ணாடி இழையை உருக்கிக் குட்டி உருண்டையாக்கும் எளிய முறையில் செய்த லென்ஸாகவே அது தெரிந்தது. அந்த முறையை முன்பே அச்சில் வெளியிட்டிருந்தவர் ராபர்ட் ஹூக்!

உண்மை என்று நிரூபிக்க எட்டுப் பேருக்கு லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் லூவன்ஹாக். அதைச் செய்யும் முறையையும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், நுண்ணுயிரியல் இன்னும் சீக்கிரமே வளர்ந்திருக்கலாம்.