பேகம் ரஅனா லியாகத் அலி கான்

பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலி கானின் துணைவியார் என்றே பேகம் ரஅனா அம்மையாரை நம்மில் பலர் அறிவோம். 1905-இல் அல்மோராவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லக்னோவில் எம்.ஏ. முடித்து, டில்லிக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்தார். திருமணத்தின்போது இஸ்லாத்தைத் தழுவினார்.

1947 பிரிவினையில் வீடிழந்தவர்கள் லாகூர் முகாம்களில் காயத்தோடும் நோயோடும் கிடந்தார்கள். கவனிக்கப் போதிய தாதியர் இல்லை. பெண்பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். (அந்தத் தயக்கம் நம் வீடுகளிலும் வெகுகாலம் இருந்ததுதானே!) அம்மையார் நல்ல குடும்பத்துப் பெண்களையே முகாம்களுக்கு அழைத்தார், அதுவரை வாசலைத் தாண்டாதவர்களும் வந்தார்கள். முதலுதவி கற்றார்கள், உணவும் துணியும் பகிர்ந்தார்கள். அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே 1949-இல் அகில பாகிஸ்தான் மகளிர் சங்கம் பிறந்தது.

1951 அக்டோபர் 16 அன்று ராவல்பிண்டிப் பொதுக்கூட்டத்தில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன்கள் இருவரும் அப்போது சிறுவர்கள். டில்லியிலிருந்த தங்கள் பெரிய வீட்டையும் தம்பதியர் ஏற்கெனவே பாகிஸ்தான் அரசுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நிலையிலும் அம்மையார் வீட்டோடு முடங்கவில்லை. 1954-இல் நெதர்லாந்துக்கும், பின்னர் இத்தாலிக்கும் தூதராகச் சென்றார். 1973-இல் சிந்து மாகாண ஆளுநரானார். அந்த நாட்டில் ஒரு பெண் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. 1978-இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை விருது கிடைத்தது.

1990 ஜூன் 13 அன்று கராச்சியில் வஃபாத்தானார். ஜின்னா அடக்கத்தல வளாகத்தில், கணவரின் அருகிலேயே அவரை நல்லடக்கம் செய்தார்கள்.